ஆயாவின் கையில் நம் பிள்ளைகள்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகையைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு பால் வெட்டப் போவாள். வேலை முடிந்து வரும்வரை பிள்ளைக்கு ஆயாதான் தாய். இன்று நம் செனாய் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. பால் வெட்டிய தாயின் மகள் தொழிற்சாலை பஸ் ஏறுகிறாள். அவள் பிள்ளை போகுமிடத்தை இப்போது ‘தாஸ்கா’ என்கிறோம். பெயர் மாறினாலும் ஒன்று மாறவில்லை. பல வீட்டுப் பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தால், ஒரு பிள்ளையின் நோய் மற்றப் பிள்ளைகளையும் தொற்றிக்கொள்ளும்.

இதற்கு நல்ல உதாரணம் கை, கால், வாய் நோய். முதலில் காய்ச்சல் வரும். பிறகு வாயில் புண்ணும், உள்ளங்கை, உள்ளங்காலில் சிறு கொப்புளங்களும் தோன்றும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே குணமாகிவிடும். ஆனால் இதை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. 1997-ஆம் ஆண்டு சரவாக்கில் இந்நோய் வேகமாகப் பரவியபோது சுமார் 30 பிள்ளைகள் இறந்துபோனார்கள். என்டரோவைரஸ் 71 என்னும் கிருமி அப்போது அங்கே பரவியிருந்தது. அது சில பிள்ளைகளுக்கு மூளையைத் தாக்கக்கூடியது.

இது எப்படிப் பரவுகிறது? எச்சில், சளி, கொப்புளத்து நீர், மலம் ஆகியவற்றின் வழியாகத்தான். ஆயா ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு, அதே கையோடு இன்னொரு பிள்ளைக்குச் சோறு ஊட்டினால் போதும். ஒரு பிள்ளை வாயில் வைத்த பொம்மையை அடுத்த பிள்ளை எடுத்துக் கடித்தாலும் போதும். கொப்புளம் காய்ந்த பிறகும் சில வாரங்கள் மலத்தில் கிருமி இருக்கும். ஆகவே பிள்ளைக்குத் துணி மாற்றிய பின்பும், உணவைத் தொடுமுன்பும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். கையில் தடவிக்கொள்ளும் ஆல்கஹால் மருந்து இந்தக் கிருமிக்குப் போதாது. தண்ணீரும் சவர்க்காரமுமே நல்லது. பொம்மைகளையும் தரையையும் குளோரோக்ஸ் கலந்த நீரால் துடைக்கலாம். போத்தலில் எழுதியுள்ள அளவைப் பார்த்துக் கலந்து, துடைத்தபின் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

ஆயா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நம் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் பயனில்லை. பிள்ளைக்குக் காலையில் உடம்பு சுடுகிறது. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போய்விடும். பனடோல் கொடுத்துச் சூட்டைத் தணித்து, ஒன்றும் சொல்லாமல் ஆயாவிடம் விட்டுவிடத் தோன்றும். அந்தக் கஷ்டம் நமக்குப் புரியாததல்ல. ஆனால் மத்தியானம் மருந்தின் வேகம் குறைந்ததும் காய்ச்சல் திரும்பும். அதற்குள் மற்றப் பிள்ளைகளுக்கும் நோய் பரவியிருக்கும். அடுத்த வாரம் பல தாய்மார்களுக்குச் சம்பளம் போகும். காய்ச்சலும் கொப்புளமும் முற்றிலும் ஆறும்வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். கணவனும் மனைவியும் மாறி மாறி லீவு எடுக்கலாம். பாட்டி இருந்தால் உதவி கேட்கலாம். சிறு பிள்ளைகள் உள்ள பக்கத்து வீட்டில் மட்டும் விடாதீர்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டுத் துள்ளுவது, ஓயாத வாந்தி, கால் தள்ளாடுவது, மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, வெகுநேரம் சிறுநீர் போகாதது ஆகியவையே அவை.

நோயைப் போலவே விபத்தும் எதிர்பாராமல் வரும். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். முகத்தருகே தலையணை வேண்டாம். கச்சான், ரம்புத்தான் கொட்டை போன்றவை சிறு பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் தவழும் பிள்ளைக்கு ஆபத்துதான். புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் குடிபானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது.

பிள்ளையை விடும் இடம் சமூக நலத் துறையில் பதிவானதா என்று கேளுங்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல வீடுகளைச் சேர்ந்த நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஓர் ஆயா என்பது விதி. ஒருவரே பத்துக் குழந்தைகளைப் பார்த்தால், அவருக்குக் கைகழுவ ஏது நேரம்?

தாய்மார்களே, நாளைக் காலை பிள்ளையை ஒப்படைக்கும்போது ஆயாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். இரவு தூங்கினானா, சாப்பிட்டானா, உடம்பு சுட்டதா என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் நம் பிள்ளையை மட்டுமல்ல, அங்குள்ள எல்லாப் பிள்ளைகளையும் காக்கும்.