மின்வடங்களும் தீத்தடுப்புத் தரங்களும்

செம்புக் கம்பியின் வழியே மின்சாரம் பாயும்போது ஓரளவு வெப்பம் உண்டாவது இயற்கை. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகின்றது. கம்பியைச் சூழ்ந்துள்ள சாதாரண பி.வி.ஸி. காப்புறை, 70 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலை வரையில் இடையறாது உழைக்கவல்லது. அவ்வெல்லைக்கு மேல் நெடுநாள் சூடேறுமாயின் காப்புறை இறுகி வெடிப்புக் காணும். கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீ மூளும்.

ஆகவே மின்வடத்தைக் குறித்து இரண்டு வினாக்கள் எழுகின்றன. அதிலிருந்து தீ தோன்றாதிருக்க வழி யாது என்பது முதல் வினா. வேறு காரணத்தால் மூண்ட தீ அதனை வந்தடைந்தால் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது இரண்டாவது வினா. முதல் வினாவிற்கு விடை தருவன, கம்பியின் தக்க பருமனும் ஃப்யூஸ் முதலிய பாதுகாப்புச் சாதனங்களுமேயாம். தீத்தடுப்புத் தரங்கள் இரண்டாவது வினாவிற்கு மட்டுமே விடை கூறுவன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் அபாயகரமானது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளைச் சேர்ந்த எல்லைக் கிராமங்கள் உள்ளன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல் எல்லையின் இருபுறமும் மின் விநியோகம் வெவ்வேறு நிறுவனங்களின் பொறுப்பாகும். ஆயினும் மின்வடத்தின் தர நியமம் இரு புறத்திற்கும் ஒன்றே. பாறசாலையில் வாங்கினாலும் களியக்காவிளையில் வாங்கினாலும், வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் உரிய பி.வி.ஸி. வயர் ஐ.எஸ். 694 என்னும் இந்திய நியமத்திற்கு உட்பட்டது. 2003-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இத்தகைய வயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகும். வயரின்மீது ஆங்கில எழுத்துக்களில் பொறிக்கப்படும் தரக்குறிகளின் பொருளோ, தமிழ் பேசுவோர், மலையாளம் பேசுவோர் ஆகிய இரு சாராருக்கும் எடுத்துக் கூறப்பட வேண்டியதாகவே உள்ளது.

அக்குறிகளுள் முதலாவது 'எஃப்.ஆர்.' என்பது. இது எரியாத வயர் எனப் பலர் கருதுவர், அது தவறு. தீயைப் பரவவொட்டாமல் தாமதப்படுத்துவது என்பதே இதன் பொருள். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 சதவிகிதம். எஃப்.ஆர். காப்புறை தொடர்ந்து எரிவதற்கு, குறைந்தது 29 சதவிகிதம் பிராணவாயு கலந்த சூழல் வேண்டும் என்பது நியமம். ஆதலின் வெளிச்சுடர் அகன்றதும் சாதாரணக் காற்றில் அது தானே அணைந்துவிட வேண்டும். ஒற்றை வயரைச் சோதிக்க 600 மில்லிமீட்டர் நீளத் துண்டு செங்குத்தாக நிறுத்தப்பட்டுச் சுடர் காட்டப்படுகிறது. எனினும் தனித்து நிற்கையில் அணைந்துவிடும் வயர், கட்டாகச் சேர்ந்திருக்கையில் எரிந்துகொண்டே செல்லக்கூடும். அதனால் 3.5 மீட்டர் நீள வடங்களை ஏணியில் கட்டாகப் பிணைத்துச் செய்யும் கடுமையான சோதனையும் உண்டு. கருகல் 2.5 மீட்டருக்கு மேல் ஏறலாகாது என்பது அதன் விதி.

இரண்டாவது குறி 'எஃப்.ஆர்.எல்.எஸ்.' என்பது. தீயுடன் புகையையும் குறைப்பது இதன் நோக்கம். பி.வி.ஸி. பிசினில் எடையளவில் பாதிக்கு மேற்பட்ட பகுதி குளோரின் ஆகும். எரியுங்கால் அது கரும்புகையையும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவையும் வெளியிடும். இந்தத் தரத்தில் அவ்வாயு எடையில் 20 சதவிகிதத்தை மீறலாகாது. 1997 ஜூன் 13-ஆம் நாள் டில்லி உப்ஹார் திரையரங்கில், தரைத்தளத்து மின்மாற்றியில் மூண்ட தீயின் புகை மேல்தளங்களுக்கு ஏறியது. மாண்ட 59 பேருள் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறந்தனர். வழியைக் கண்டு வெளியேறுவதற்குரிய சில நிமிடங்களைத் தருவதே குறைந்த புகைத் தரத்தின் பயன். குளோரின் போன்ற ஹாலஜன்கள் அறவே நீக்கப்பட்ட வடங்களுக்கு ஐ.எஸ். 17048 என்னும் தனி நியமம் 2018-இல் வகுக்கப்பட்டது.

மூன்றாவது வகை, தீயின் நடுவிலும் மின்சாரத்தைத் தொடர்ந்து கடத்துவது. அபாய மணி, அவசர விளக்கு, தீயணைப்புப் பம்பு ஆகியவற்றிற்கு இது தேவை. பிரிட்டிஷ் நியமம் 6387-இன் 'சி' பிரிவுச் சோதனையில், மின்னழுத்தம் தாங்கிய வடம் 950 டிகிரிச் சுடரில் 3 மணி நேரம் பழுதின்றி நிற்க வேண்டும். இதன் இன்றியமையாமையை நரோரா அணுமின் நிலையம் உணர்த்தியது. 1993 மார்ச் 31-ஆம் நாள் விடியற்காலையில், உத்தரப் பிரதேசத்திலுள்ள அந்நிலையத்தின் டர்பைன் இதழ்கள் இரண்டு முறிந்து தீ மூண்டது. மின்வடங்கள் வழியே தீ பரவியமையால் அவசர மின்வழங்கலும் சேர்ந்து அற்றுப்போயிற்று. நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி நின்றது. டீசலால் இயங்கும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீர் செலுத்தப்பட்டதனால் பெருங்கேடு தவிர்ந்தது.

களப்பணியாளரும் ஆசிரியரும் கருத்திற்கொள்ள வேண்டுவன சில. வயரின்மீது ஐ.எஸ். எண், ஐ.எஸ்.ஐ. முத்திரை, உரிம எண் ஆகியவை உள்ளனவா என நோக்குதல் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் உரிம எண்ணைச் சரிபார்க்கலாம். மாணவர் பலர் கூடும் மண்டபம், மாடிப்படி, நடைவழி ஆகியவற்றில் குறைந்த புகைத் தரமே ஏற்றது. விளக்கிற்கென இழுத்த மெல்லிய வயரில் மோட்டாரையோ மின்னடுப்பையோ இணைத்தலாகாது. அறுந்த ஃப்யூஸிற்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினால், எத்துணை உயர்ந்த தரமுள்ள வடமும் காவாது. தரமுத்திரை உயிர் தப்ப அவகாசம் தரும். தீ தோன்றாமல் காப்பதோ அமைப்பவரின் கவனமேயாகும்.