டிக்கெட் கிடையாது, டீ இலவசம்... ஓவியக் கண்காட்சி திறப்பு விழாவுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம்!

சென்னை:

கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்றால் கூட்டம் சொல்லாமலே கூடும். நகைக்கடை திறக்க நடிகை வந்தால் ரோடே ஸ்தம்பிக்கும். ஆனால் உள்ளூர் ஓவியர் ஒருவர் மாசக்கணக்கில் வரைந்த படங்களை மாட்டி வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அழைக்கும் விழாவுக்கு மட்டும் அக்கம்பக்கத்து ஜனங்கள் போவதில்லை. அந்த கேட்டை தாண்டி தினமும் பஸ்சில் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் ஏதோ சிலர்தான்.

"அது பணக்காரங்க சமாச்சாரம்", "எல்லாம் இங்கிலீஷ்லதான் பேசுவாங்க", "எதையாவது வாங்கச் சொல்லி மாட்டி விடுவாங்க", "வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான்"... இப்படித்தான் பலருக்கும் நினைப்பு. பொது கேலரிகளில் நடக்கும் பெரும்பாலான கண்காட்சிகளில் இந்த பயத்துக்கு வேலையே இல்லை. அங்கே என்ன நடக்கிறது, யார் போகலாம், போனால் யாருக்கு என்ன லாபம்? இதோ விவரம்.

திறப்பு விழாவில் என்ன நடக்கும்?

ஓவியர் ஒருவர் தனியாகவோ, 4, 5 பேர் கூட்டாகவோ சேர்ந்து ஹால் பிடிப்பார்கள். ஒரு வாரம், 10 நாள் என்று கண்காட்சி நடக்கும். முதல் நாள் சாயங்காலம் திறப்பு விழா. மூத்த ஓவியர், எழுத்தாளர், காலேஜ் பேராசிரியர் என்று யாராவது ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்து விளக்கேற்றுவார். இரண்டு, மூன்று பேர் பேசுவார்கள். பேச்சு சீக்கிரமே முடிந்துவிடும்.

அப்புறம் டீ, காபி, பிஸ்கட். சில இடத்தில் சமோசாவும் உண்டு. மீதி நேரம் முழுக்க சுற்றிச் சுற்றி படம் பார்க்கலாம். வாசல் பக்கம் ஒரு மேஜையில் நோட்டு வைத்திருப்பார்கள். பெயரை எழுதி, மனசில் பட்டதை ஒரு வரி எழுதலாம். தமிழில் தாராளமாக எழுதலாம்.

இந்த நாளுக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற நாட்களில் ஓவியர் ஹாலில் இருப்பார் என்று சொல்ல முடியாது. திறப்பு விழா அன்று கண்டிப்பாக இருப்பார். "இதை எப்படி வரைஞ்சீங்க?" என்று வரைந்தவரிடமே நேராக கேட்கலாம்.

சென்னையில் எங்கே?

அப்பல்லோ ஆஸ்பத்திரிக்கு போகும் கிரீம்ஸ் ரோடு எல்லோருக்கும் தெரியும். அதே ரோட்டில்தான் லலித் கலா அகாடமியின் சென்னை மண்டல மையம் இருக்கிறது. 1954-ல் டெல்லியில் தொடங்கப்பட்ட மத்திய அரசு கலை அமைப்பு இது. சென்னை மையத்தில் ஓவியர்களுக்கு வாடகைக்கு விடும் கேலரியும், அவர்கள் வேலை செய்ய பட்டறைகளும் இருக்கின்றன.

இன்னொரு இடம், கிழக்கு கடற்கரை சாலையில் இஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம். அங்கே உள்ள அருங்காட்சியகத்துக்கு தனி கட்டணம் உண்டு. கண்காட்சி திறப்பு விழாவுக்கு கட்டணம் இல்லை.

லுங்கி துணியில் வரும் பாத்திக்... அதில் பிறந்த கிராமம்

சோழமண்டலத்தின் கதை உழைக்கிறவர்களுக்கு பிடிக்கும் கதை. எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். படிப்பு முடித்த மாணவர்கள் படம் வரைந்து வயிறு கழுவ முடியாமல், வேறு வேலைக்கு போய் தூரிகையை மறந்து விடுவதை அவர் பார்த்தார்.

அதற்கு அவர் கண்ட வழி கைத்தொழில். துணியில் மெழுகு தடவி சாயம் ஏற்றும் பாத்திக் வேலையை ஓவியர்கள் செய்தார்கள். அதை விற்று வந்த பணத்தை சேர்த்து கடற்கரை ஓரம் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் உருவானது. பாதி நேரம் பிழைப்புக்கு கைவேலை, பாதி நேரம் மனசுக்கு பிடித்த ஓவியம் என்று அங்கே குடியேறினார்கள். யார் தயவும் இல்லாமல் கைக்காசில் கட்டிய காலனி அது.

உழைப்பாளர் சிலையை செய்தவர் யார்?

மெரினா கடற்கரையில் 4 பேர் பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலையை பார்க்காத சென்னைவாசி இல்லை. 1959-ல் வைக்கப்பட்ட அந்த சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. பணிக்கருக்கு முன்பு அதே எழும்பூர் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அந்த கல்லூரியை 1850-ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர்.

ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணன் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடரை படித்தவர்களுக்கு அதில் வந்த கோட்டோவியங்கள் ஞாபகம் இருக்கும். வரைந்தவர் ஓவியர் ஆதிமூலம். திருச்சி மாவட்டம் கீரம்பூரில் 1938-ல் பிறந்து, இதே எழும்பூர் கல்லூரியில் படித்தவர். காந்தியை அவர் வரைந்த கோட்டோவியங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. 2008-ல் மறைந்தார்.

ஆக, கேலரி என்பது எங்கோ வெளிநாட்டில் இருந்து வந்த சமாச்சாரம் இல்லை. பீச்சில் பார்த்த சிலைக்கும், பத்திரிகையில் பார்த்த படத்துக்கும் சொந்தக்காரர்கள் வந்து போன இடம்தான்.

படத்துக்கு பக்கத்தில் சிவப்பு பொட்டு... எதற்கு?

கண்காட்சிக்கு முதல் தடவை போகிறவர்கள் இதை கவனிக்கலாம். சில படங்களுக்கு பக்கத்தில் மட்டும் சின்னதாக சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த படம் விற்றாகிவிட்டது என்று அர்த்தம். விற்ற படத்தை உடனே கழற்றிக் கொடுக்க மாட்டார்கள். கண்காட்சி முடிந்த பிறகுதான் வாங்கியவர் கைக்கு போகும். அதுவரை எல்லோரும் பார்க்கலாம்.

விலையை பல இடங்களில் படத்தின் மேல் எழுதுவதில்லை. மேஜையில் விலைப்பட்டியல் இருக்கும். கேட்டால் காட்டுவார்கள். கேட்டதற்காக வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

"ஒரு படம் 15 ஆயிரமா?"

விலையை பார்த்ததும் பலருக்கும் தூக்கிவாரிப் போடும். ஓவியர் பக்கத்து கணக்கையும் பார்க்க வேண்டும்.

தனியார் கேலரிகள் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை கமிஷன் எடுப்பது வழக்கம். 15 ஆயிரம் ரூபாய் படத்தில் மூன்றில் ஒரு பங்கு கமிஷன் என்றால் 5 ஆயிரம் போய்விடும். மிச்சம் 10 ஆயிரம். அதில்தான் கேன்வாஸ், கலர், பிரேம், படங்களை ஏற்றி இறக்கிய 'குட்டி யானை' வண்டி வாடகை எல்லாம் அடங்க வேண்டும். வாடகை ஹாலில் கமிஷன் இல்லாமல் போகலாம். ஆனால் ஒரு படம்கூட விற்காவிட்டாலும் ஹால் வாடகை கைக்காசில் இருந்து கட்டியாக வேண்டும்.

அந்த ஒரு படத்தை வரைய எத்தனை நாள் ஆனதோ, அத்தனை நாள் கூலியும் இதற்குள்தான். தினக்கூலிக்கு போகிறவர் போட்டுப் பார்த்தால் கணக்கு சட்டென்று புரியும்.

வாங்காதவர் போனால் என்ன லாபம்?

முக்கியமான கேள்வி இது. படம் வாங்குகிறவர்கள் எங்கேயும் கொஞ்சம் பேர்தான். அவர்களை மட்டும் நம்பி திறப்பு விழா நடத்துவதில்லை.

வரைகிறவர் மாசக்கணக்கில் தனி ரூமில் உட்கார்ந்து வரைகிறார். அந்த படம் முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்திப் பார்க்க வைக்கிறதா என்பது இந்த நாளில்தான் தெரியும். சக ஓவியர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்வது வேறு. மீன் விற்கிற அம்மா ஒருவர் மீன் மார்க்கெட் படத்துக்கு முன்னால் நின்று, "கூடையை இப்படி பிடிக்க மாட்டோமே" என்று சொல்வது வேறு. அந்த வார்த்தையை எந்த பேராசிரியராலும் சொல்ல முடியாது.

விழா முடிந்து வெறிச்சோடிக் கிடக்கும் ஹாலில், மீதி நாட்களில் ஓவியர் தனியாக உட்கார்ந்திருப்பது பல கண்காட்சிகளில் நடப்பதுதான். நாலு தெரு ஜனம் வந்து போனால் வாய்வழியாக சேதி பரவும். சாயங்காலம் வந்தவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவார். ஜனங்கள் வரவில்லை என்றால் ஓவியமும் வாங்குகிறவர்களின் டிராயிங் ரூமுக்கு மட்டும் வரையப்படும். இதுதான் இதில் பெரிய நஷ்டம்.

பேனர் வரைந்த கைகள்

அண்ணா சாலையில் தியேட்டர் வாசலில் ஆளுயர கட்-அவுட்டும், கையால் வரைந்த பேனரும் நின்ற காலம் ஒன்று உண்டு. 2000-க்கு பிறகு பிளெக்ஸ் பேனர் வந்தது. கட்டம் போட்டு, சாரம் கட்டி, ரஜினி, கமல் முகத்தை அச்சாக வரைந்த தொழிலாளர்கள் பலருக்கு வேலை போனது.

அந்த கைகளும் கேலரிக்கு வரலாம். உலகப் புகழ் பெற்ற எம்.எப்.உசேன் (1915-2011) மும்பையில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர்தான். சாரத்தில் ஏறி நின்ற ஆளின் படங்கள் பிறகு பெரிய பெரிய ஏலங்களில் கோடிக்கணக்கில் விலை போயின.

"ஒண்ணுமே புரியலையே..."

நவீன ஓவியத்தை பார்த்து இப்படி சொல்வது தப்பே இல்லை. பணிக்கர் 1963-ல் இருந்து வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களை பாருங்கள். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், கணக்கு எண்கள், கிறுக்கின மாதிரி மலையாள எழுத்துகள் நிறைந்திருக்கும். அந்த எழுத்தை படித்து அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய ஓலைச்சுவடியையோ ஜோசியர் நோட்டையோ பார்த்த ஞாபகம் வந்தால் போதும். கோலத்துக்கு யாராவது அர்த்தம் கேட்கிறார்களா? அதுபோலத்தான்.

கவனத்தில் வைக்க...

* படத்தை தொடக்கூடாது. விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் கலரை கெடுக்கும்.
* போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கவும். பெரும்பாலும் சரி என்பார்கள்.
* குழந்தைகளை கூட்டிப் போகலாம். கையை மட்டும் பிடித்துக்கொள்ளவும்.
* டீ டம்ளரோடு படத்துக்கு கிட்ட போக வேண்டாம்.
* பெரிய படம் கட்டுப்படியாகாது என்றால், சின்ன கோட்டோவியம், அச்சுப் பிரதி இருக்கிறதா என்று கேட்கலாம். விலை குறைவாக இருக்கும்.
* வாங்கினால் ரசீதும், படத்தில் ஓவியரின் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்க்கவும்.

இன்னொரு விஷயம். படத்தை வாங்கினாலும் அதை அச்சடித்து காலண்டர், டி-சர்ட் போட்டு விற்கும் உரிமை தானாக வந்துவிடாது. தனியாக எழுதி வாங்காதவரை அந்த உரிமை ஓவியரிடமே இருக்கும். அதுமட்டும் இல்லை. வாங்கிய மூலப் படத்தை பிறகு 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால், அந்த தொகையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு கேட்க 1957-ம் ஆண்டு பதிப்புரிமை சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த பங்கு 10 சதவீதத்தை தாண்டக்கூடாது.

வீட்டில் வரைகிற பிள்ளை இருக்கிறதா?

செவுத்தில் கிறுக்குகிறது என்று அடிக்காமல், ஒருநாள் சாயங்காலம் கண்காட்சிக்கு கூட்டிப் போங்கள். வரைகிறவரை நேரில் பார்த்தால் பிள்ளைக்கு தெம்பு வரும்.

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் குறைந்த கட்டணத்தில் ஓவியம் சொல்லித் தருகிறார்கள். பிளஸ்-2 முடித்தவர்கள் சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் 4 வருஷ பட்டப்படிப்பில் சேரலாம். படம் வரையும் திறமையை சோதித்துத்தான் சீட் கொடுப்பார்கள்.

ஏற்கனவே வரைகிறவர்கள், படங்களின் போட்டோவோடு கேலரியில் விண்ணப்பம் கொடுத்து தேதி கேட்கலாம். மாசக்கணக்கில் முன்னாடியே கேட்டு வைப்பது நல்லது. தனியாக முடியாதவர்கள் 4, 5 பேர் சேர்ந்தால் வாடகையை பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கிரீம்ஸ் ரோடு பக்கமோ இஞ்சம்பாக்கம் பக்கமோ போகும்போது கேட்டில் கண்காட்சி போர்டு தெரிந்தால் தயங்க வேண்டாம். வேலை முடிந்து வந்த சட்டையோடேயே உள்ளே போகலாம். வரைந்தவர் எதிர்பார்த்து நிற்பது அப்படிப்பட்டவர்களையும்தான்!