யாரிடம் விற்பது?

‘சரக்கு நன்றாக இருந்தால் தானாக விற்கும்’ என்பார்கள். நம் பெண்கள் அரைத்த மசாலாத்தூளை, எந்தத் தெருவில் அரைத்தது என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். விலையைக் குறைத்தாலும் அந்தக் கேள்வி போகாது.

ஆகவே, நம் விற்பனைத் திட்டத்தின் முதல் வரி ‘யாரிடம் விற்பது?’ என்பதே.

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணை அப்படித்தான் சொல்கிறது. டெண்டருக்கு முன்வைப்புத்தொகையும் கிடையாது. பல ஆண்டுகள் இந்த அளவு எட்டப்படவே இல்லை. பதிவு செய்யாமல் நாம் ஒதுங்கி நிற்பதும் அதற்கு ஒரு காரணம்.

உதயம் பதிவுக்குக் கட்டணமில்லை. அதைக் கொண்டு அரசின் ஜெம் இணையச் சந்தையில் கடை விரிக்கலாம். துணிப்பை, சீருடை, கோப்பு உறை என அலுவலகங்கள் வாங்குவதைத் தைப்போம்.

கல்லூரி மாணவர்களே, இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் ஒரு தொழிலையாவது பதிந்து கொடுங்கள்.