மூட்டு ஜவ்வு கிழிந்தால் வெட்டுவதா, தைப்பதா?

தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை வளாகத்தில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி மையம் இருக்கிறது. 2010 காமன்வெல்த் போட்டிகளையொட்டித் தொடங்கப்பட்ட அரசு மையம் அது. சிறு துளை வழியே முழங்காலுக்குள் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி அங்கே நடக்கிறது. தனியார் மருத்துவமனைச் செலவுக்கு அஞ்சி வலியோடு நாள் கடத்துபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன கிழிகிறது?

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் உண்டு. மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்பார்கள், பேச்சில் ஜவ்வு. உடல் எடையை மூட்டு முழுக்கப் பரப்பித் தாங்குவது இவைதான். பாதம் ஊன்றியிருக்கும்போது முழங்கால் முறுகினால் கிழிந்துவிடும். வீக்கம், மாடிப்படியில் சுளீரென்ற வலி, சிலருக்குக் கால் பாதியில் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாத நிலை. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். கால் மாட்டிக்கொண்டால் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள், நீவிவிடுபவரிடமும் போகாதீர்கள். தைக்கக்கூடிய கிழிசல்கூட நாளாக நாளாக நைந்துபோகும்.

தையலின் கதை

எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் 1883-லேயே மூட்டைத் திறந்து ஜவ்வைத் தைத்தார். ஆனாலும் அது வேண்டாத உறுப்பு என்றே பல காலம் மருத்துவ உலகம் நினைத்தது. கிழிந்தால் முழுதாக எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்த மூட்டுகளில் தேய்மானத்தின் அடையாளங்கள் தோன்றுவதை 1948-இல் மருத்துவர் ஃபேர்பேங்க் எக்ஸ்ரே மூலம் காட்டினார். 1969-இல் ஜப்பானின் ஹிரோஷி இகேயுச்சி ஆர்த்ராஸ்கோப்பியிலேயே தைத்தார்.

இன்று ஒரு துளையில் கேமரா, இன்னொன்றில் கருவி. ஜவ்வின் வெளி ஓரத்தில் மட்டுமே நல்ல ரத்த ஓட்டம் உண்டு; அங்கே போட்ட தையல் ஆறும். உள் விளிம்பில் ஆறுவது அரிது, அங்கே கிழிந்த துணுக்கை மட்டும் சீவி எடுப்பார்கள். ‘தைக்க முடியுமா, ஏன் முடியாது?’ என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நடுவயதைக் கடந்தவர்களுக்கு

தேய்ந்து கிழிந்த ஜவ்வுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. 2013-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், ஜவ்வைச் சீவியவர்களுக்கும் சீவியதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் ஓராண்டுக்குப் பின் பெரிய வேறுபாடு இல்லை. தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் இவர்களுக்கு முதல் மருந்து.

தைத்த பிறகு

துணுக்கை எடுத்தவர் சீக்கிரம் நடந்துவிடுவார். தைத்தவருக்குப் பொறுமை வேண்டும். தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரம் ஊன்றுகோல், முழங்கால் பட்டை, 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. சம்மணம், குந்துதல், இந்தியக் கழிப்பறை எல்லாவற்றுக்கும் மருத்துவர் சொல்லும்வரை விடுப்பு. இயன்முறைப் பயிற்சியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ஆட்டக்களத்துக்குத் திரும்பப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.