மெலியும் கைத்தொலைபேசிகளும் மெலிந்துபோகும் மின்கலங்களும்

2025ஆம் ஆண்டில் உலகின் முன்னணிக் கைத்தொலைபேசிக் கம்பனிகள் இரண்டு ஒரே போட்டியில் இறங்கின. மே மாதத்தில் சம்சுங் கம்பனி 5.8 மில்லிமீற்றர் தடிப்புடைய தொலைபேசி ஒன்றை வெளியிட்டது. செப்டெம்பரில் அப்பிள் கம்பனி 5.6 மில்லிமீற்றர் தடிப்புடைய ஐபோனை அறிமுகப்படுத்திப் பெருமைப்பட்டுக்கொண்டது. இப்போட்டிக்கும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்துள்ள புதுக்குடியிருப்புக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவக்கூடும். தொடர்பு இருக்கவே செய்கின்றது. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் அனுப்பும் பொதியில் வந்து சேர்வதும், சந்தியிலுள்ள கடையின் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கப்பட்டிருப்பதும் இத்தகைய முடிவுகளின் விளைவாக உருவான கருவிகளே. மின்சாரம் நின்றுபோன மழை இரவில் அக்கருவி எத்தனை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் என்பதை, மின்வெட்டைப் பெரிதும் அறியாத நகரங்களில் இருப்போர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றனர்.

பற்றரியின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை நடைமுறையிலிருந்த வேளையில், வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் ரோச் லைற்றுக்கும் வானொலிக்கும் இடும் சாதாரண பற்றரிகளும் இடம்பெற்றிருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் எம்மத்தியில் வாழ்கின்றது. ஒருவர் சுற்ற, ஏனையோர் செவிமடுப்பர். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும். கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அதற்கு உயிரூட்டும் சக்தி இல்லையேல் அது வெறும் பெட்டியே என்பதை அத்தலைமுறை கைநோக உணர்ந்திருந்தது.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த நொக்கியா 3310 தொலைபேசியின் தடிப்பு 22 மில்லிமீற்றர். அதன் திரை சிறியது, நிறமற்றது. ஆயினும் ஒரு தடவை மின்னேற்றினால் நாட்கணக்கில் இயங்கியது. 2003இல் வந்த நொக்கியா 1100இல் ரோச் லைற்றும் இருந்தது. உலகெங்கும் 250 மில்லியனுக்கும் அதிகமாக விற்பனையான அத்தொலைபேசி, மின்வசதி குன்றிய நாடுகளின் மக்களை மனத்திற்கொண்டே வடிவமைக்கப்பட்டது. 2007இல் முதலாவது ஐபோன் வந்ததுடன் நிலைமை மாறிற்று. அதன் திரை 3.5 அங்குலம்; மின்கலத்தின் கொள்ளளவு 1400 மில்லி அம்பியர் மணி. இன்றோ 6.7 அங்குலத் திரை சர்வசாதாரணம். மூலைவிட்ட அளவு இருமடங்கை எட்டவில்லையே என எண்ணுவது பிழை. பரப்பைக் கணித்துப் பார்த்தால் புதிய திரை பழையதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. அந்தப் பரப்பு முழுவதற்கும் ஒளியூட்ட வேண்டியுள்ளது.

இதனை எமது மண்ணின் வழக்கிலேயே விளங்கிக்கொள்ளலாம். மின்கலம் ஒரு குளம். திரை அதன் கீழுள்ள வயல். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயற்பரப்பைக் கூட்ட விரும்பினால் குளத்தின் கொள்ளளவையும் கூட்டத்தான் வேண்டும். அணைக்கட்டைத் தாழ்த்திக்கொண்டே வயலைப் பெருக்க எந்த விவசாயியும் ஒப்பமாட்டார். தொலைபேசியை மெலியச் செய்வதென்பது அணைக்கட்டைத் தாழ்த்துவதை ஒத்ததே.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. பெரிய திரை மீது எமக்குக் குறையேதுமில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா முடக்கத்தின்போது எத்தனையோ பிள்ளைகள் தந்தையின் தொலைபேசித் திரையிலேயே பாடம் படித்தனர். கண்பார்வை மங்கிய முதியவர் கனடாவிலுள்ள பேரப்பிள்ளையின் முகத்தைக் காண்பதற்கும், 1990 ஒக்டோபர் வெளியேற்றத்தின் பின் முல்லைத்தீவுக்கும் புத்தளத்துக்குமாகப் பிரிந்து வாழும் முஸ்லிம் குடும்பங்கள் பெருநாளன்று ஒருவரையொருவர் கண்டு பேசுவதற்கும் அகன்ற திரை உதவுகின்றது. அத்துடன், நீள அகலம் கூடிய தொலைபேசியினுள் அகன்ற மின்கலத்தையும் வைக்கலாம். ஆகவே திரையும் மின்கலமும் பகையாளிகள் அல்ல. இரண்டுக்கும் நடுவே புகுந்து கெடுப்பது மெலிவு மோகமே.

சம்சுங் கம்பனியின் இரு தொலைபேசிகள் இதற்குத் தக்க சான்றாகும். 2025இல் வெளிவந்த எஸ்25 பிளஸ், எஸ்25 எட்ஜ் ஆகிய இரண்டின் திரையும் 6.7 அங்குலமே. முன்னையதன் தடிப்பு 7.3 மில்லிமீற்றர், மின்கலம் 4900 மில்லி அம்பியர் மணி. பின்னையதன் தடிப்பு 5.8 மில்லிமீற்றர், மின்கலம் 3900. ஒன்றரை மில்லிமீற்றரை மிச்சப்படுத்துவதற்காக மின்சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு கைவிடப்பட்டது. விலை குறைந்ததா என்றால் அதுவுமில்லை. அமெரிக்கச் சந்தையில் மெலிந்த தொலைபேசியே அறிமுக விலையில் 100 டொலர் கூடுதலாக இருந்தது. அப்பிள் கம்பனியோ தனது மெலிந்த ஐபோனுடன், அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும் மேலதிக மின்கலம் ஒன்றையும் 99 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. அதை ஒட்டிய பின் தொலைபேசி மெலிவானதாக இருக்கப் போவதில்லை! எமது ஊர்களிலும் இதே வேடிக்கையைக் காணலாம். மெலிவாக இருக்கிறதென ஆசைப்பட்டு வாங்கிய தொலைபேசி விழுந்து உடைந்துவிடும் என அஞ்சி, மறுநாளே தடித்த றப்பர் உறையொன்றை வாங்கி மாட்டுகிறோம்.

இடத்தை அளவுக்கு மீறி நெருக்குவது ஆபத்தானதுமாகும். 2016இல் தீப்பற்றிய சம்சுங் நோட் 7 தொலைபேசிகளை உலகம் மறந்திருக்காது. 2017 ஜனவரியில் அக்கம்பனி வெளியிட்ட விளக்கத்தின்படி, முதலில் பொருத்தப்பட்ட மின்கலங்களின் மேல் மூலை நெருக்குண்டு உட்தகடுகள் வளைந்திருந்தமையே தீக்குக் காரணமாகும். மாற்றீடாக வந்த மின்கலங்களில் வேறொரு தயாரிப்புக் குறைபாடு இருந்தது.

இனி எமது சூழலுக்கு வருவோம். தயாரிப்பாளர் குறிப்பிடும் மின்கல ஆயுள், அலைவரிசை சீராகக் கிடைக்கும் சூழலில் அளவிடப்படுவது. தொலைபேசி தனது கோபுரத்துடன் எப்போதும் தொடர்பில் இருக்க முயல்கிறது. கோபுரம் அண்மையில் இருந்தால் மெல்லிய குரலில் பேசும். தொலைவில் இருந்தால் உரத்துக் கத்த வேண்டியிருக்கும். மிகக் குறைந்த நிலைக்கும் மிகக் கூடிய நிலைக்கும் இடையே அதன் அலைபரப்பு வலு பல ஆயிரம் மடங்கு வேறுபடக்கூடியது. காட்டோரக் குடியிருப்பிலும், கடலில் வலை விரித்திருக்கும் படகிலும் அது தொடர்ந்து கத்திக்கொண்டே இருக்கும். கரைக்குத் திரும்பும் மீனவர் கையில் எடுக்கும்போது மின்னேற்றம் பெரும்பாலும் தீர்ந்திருப்பது இதனாலேயே. அலைவரிசையே கிட்டாத தொலைவுக்குச் சென்றதும் தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் இயக்குவது சிறந்த வழியாகும்.

வெயிலும் எமக்கு எதிரியே. திறந்த வெளியில் திரையைப் பார்க்க அதன் ஒளியை உச்சத்துக்கு ஏற்றுகிறோம். அந்நிலையில் ஓ.எல்.ஈ.டி. வகைத் திரையில் கறுப்புப் பின்னணியைத் தெரிவு செய்தால் 39 முதல் 47 சதவீதம் வரை மின்சக்தி மிஞ்சும் என 2021இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண ஒளியிலோ அந்த மிச்சம் 3 முதல் 9 சதவீதம் மட்டுமே. சுற்றுப்புற வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மின்கலத்தின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என அப்பிள் கம்பனியே தனது பாவனையாளர்களை எச்சரிக்கின்றது. வன்னியின் நண்பகல் வெயிலில் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலோ தகரக் கூரையின் கீழோ தொலைபேசியை விடுபவர்கள் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக, மின்சாரம் இல்லாத வேளைகளே மின்கலத்தின் உண்மையான பரீட்சை எனலாம். 2022 மார்ச் மாத இறுதியில் நாடளாவிய மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் செயலிழந்தன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமோ, அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கமோ எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். அவ்விலக்கத்தை அழுத்துவதற்குக் கையிலுள்ள கருவியில் மின்னேற்றம் எஞ்சியிருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் மெலிவினால் எவருக்கும் பயனில்லை.

மின்கலம் மூப்படையும் பொருள் என்பதையும் மறந்துவிடலாகாது. முன்னர் பின்மூடியைக் கழற்றிப் புதிய பற்றரியை ஒரு நிமிடத்தில் மாற்றினோம். மெலிவை முன்னிட்டுக் கம்பனிகள் அதனைப் பசையிட்டு ஒட்டி உள்ளே மூடிவிட்டன. இதனால் பற்றரி நலிந்தவுடன் தொலைபேசியையே மாற்றும் நிலைக்கு மக்கள் தள்ளப்படுகின்றனர். பழைய ஐபோன்கள் திடீரென நின்றுபோவதைத் தவிர்க்க அவற்றின் வேகத்தைத் தாமே குறைத்ததாக 2017 டிசெம்பரில் அப்பிள் கம்பனி ஒப்புக்கொண்டதும் நலிந்த மின்கலத்தின் கதையே.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் சட்டத்தின் துணையை நாடியுள்ளது. அங்கு 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் தொலைபேசிகளின் மின்கலம், 800 தடவைகள் முழுமையாக மின்னேற்றப்பட்ட பின்னரும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைத்திருக்க வேண்டும். சீனக் கம்பனிகள் வேறு வழியில் செல்கின்றன. மின்கலத்தின் எதிர்மின்வாயில் காரீயத்துடன் சிலிக்கனைச் சேர்ப்பதன் மூலம் அதே இடத்தில் கூடுதல் சக்தியைச் சேமிக்கும் மின்கலங்கள் 2023 முதல் சந்தைக்கு வந்துள்ளன. மிகையாக மெலியாத உடலில் 7000 மில்லி அம்பியர் மணிக்கும் மேற்பட்ட கொள்ளளவு இன்று சாத்தியமாகியுள்ளது. கொள்ளளவு கூடியதெல்லாம் நீடித்து உழைக்கும் என்பதற்கில்லை என்றாலும், இது வரவேற்கத்தக்க திசையே.

எனவே புதிய தொலைபேசி வாங்க எண்ணுவோர் கடைக்காரரிடம் படக்கருவியைப் பற்றி வினவும் முன்னர் மூன்று விடயங்களைக் கேட்டறிய வேண்டும்: மின்கலத்தின் கொள்ளளவு எவ்வளவு, அதனை மாற்றுவதற்கு எவ்வளவு செலவாகும், மாற்றும் வேலையைப் புதுக்குடியிருப்பிலேயே செய்யலாமா அல்லது யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டுமா என்பனவே அவை. வெளிநாட்டு உறவினர் என்ன தொலைபேசி வேண்டும் எனக் கேட்கும்போதும் இவற்றைக் கூறிவைக்கலாம். பாவித்த தொலைபேசியை வாங்குவோர் அமைப்புப் பகுதியில் மின்கலத்தின் நிலை காட்டப்படுகிறதா எனப் பார்த்து, அது 80 சதவீதத்துக்குக் கீழிருப்பின் புதிய மின்கலத்தின் விலையைக் கழித்தே பேரம் பேச வேண்டும். பின்மூடி சிறிதளவேனும் உப்பியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதனைத் தொடாதிருப்பதே நல்லது.