பதவி துறந்து மக்களிடம் மீண்டவர்

பாராளுமன்ற உறுப்பினர் அமரும் ஆசனம் யாருடைய உடைமை? அவருடையதா, அவர் சார்ந்த கட்சியினுடையதா, அன்றி வாக்களித்த மக்களுடையதா? இவ்வினாவுக்கு வன்னி மண்ணின் பிரதிநிதி ஒருவர் தம் செயலாலேயே விடை தந்தார். 1947ஆம் ஆண்டில் வவுனியாத் தொகுதியிற் சுயேச்சையாக நின்று வென்ற செ. சுந்தரலிங்கமே அவர்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் 1895இல் இவர் பிறந்தார். ஒக்ஸ்போர்ட் சென்று கற்றார். கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியராக விளங்கினார். அத்தகையவர் வன்னிக்கு வந்த காலத்தில், 95 பேர் தேர்தலால் தெரிவாகும் சபையில் வட மாகாணத்துக்கு 9 ஆசனங்களே இருந்தன. அவற்றுள் வன்னிப் பெருநிலத்துக்கென வாய்த்தவை மன்னார், வவுனியா என்னும் இரண்டே. கிளிநொச்சி 1960இலும், முல்லைத்தீவு 1977இலுமே தனித் தொகுதிகளாகத் தேர்தலைக் கண்டன. ஆகவே, காடும் குளமுமாக விரிந்து கிடந்த நிலப்பரப்புக்கு ஒருவரது குரலே சபையில் ஒலிக்க வேண்டியிருந்தது.

சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில், டி. எஸ். சேனநாயக்காவின் கீழ், சுந்தரலிங்கம் வர்த்தக அமைச்சரானார். ஓராண்டு கழிந்தபின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமை மசோதா சபைக்கு வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த மக்கள் குடியுரிமை பெற வேண்டுமாயின், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும் என்றது அது. 1948 டிசெம்பரில் மசோதாவின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பின்போது சுந்தரலிங்கம் சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டார்; சுந்தரலிங்கமோ அமைச்சுப் பதவியையே துறந்தார். தோட்டத் தொழிலாளரின் வாக்கு ஒன்றேனும் வவுனியாவில் வெற்றியைத் தீர்மானிக்கும் நிலையில் இருந்ததென்று சொல்வதற்கில்லை என்பதை நேயர்கள் இங்கே கருதல் தகும்.

1951இல் தேசியக் கொடி பற்றிய பிணக்கிலே பாராளுமன்ற ஆசனத்தையே விட்டார். இடைத்தேர்தல் நடந்தது, மக்கள் மீண்டும் அவரையே அனுப்பினர். பின்னர், சிங்களம் மட்டுமே அரச மொழி என்னும் கோரிக்கை வலுத்த வேளையில் சபைக்குச் செல்லாதிருந்தார். அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதம் சமுகமளியாத உறுப்பினர் ஆசனம் இழப்பார் என்பது அன்றைய அரசியலமைப்பின் விதி. அவ்வாறே 1955இல் அவர் ஆசனமிழந்தார். இடைத்தேர்தலில் மறுபடியும் வென்றார். வன்னிக்கு அடங்காப்பற்று என்னும் பழம் பெயருண்டு. அதன் பிரதிநிதியை மக்கள் 'அடங்காத் தமிழர்' என்றழைத்தது பொருத்தமே.

எனினும், மக்கள் கொடுத்த ஆசனத்தை மக்களே எடுக்கவும் வல்லவர். 1959இல் ஈழத்தமிழர் ஒற்றுமை முன்னணியைத் தொடங்கிய அவர், 1960 மார்ச்சுத் தேர்தலில் ரி. சிவசிதம்பரத்திடம் தோல்வியுற்றார்.

அவரது வாழ்வை முழுமையாக எடைபோடுவோர் 1968ஆம் ஆண்டையும் மறைத்தல் ஆகாது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் நுழைய முயன்றபோது, வாயிலில் நின்று தடுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக அமைச்சையே உதறியவர், தம் ஊர்ப்புறத்து எளியோரின் வழிபாட்டுரிமைக்குக் குறுக்கே நின்றார். துணிவு வேறு, நீதி வேறு என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் தெளிந்த பாடம் வேண்டியதில்லை.

இனி இன்றைய நிலையை நோக்குவோம். 1972இல் தந்தை செல்வநாயகமும் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து மக்கள் தீர்ப்பை நாடினார். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரியிலேதான் நடைபெற்றது, அவரே வென்றார். 1989 பொதுத் தேர்தலோடு நடைமுறைக்கு வந்த விகிதாசார முறையில் அவ்வழி அடைபட்டுவிட்டது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்கள் இன்று வன்னி என்னும் ஒரே தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேர்ந்துள்ளது. உறுப்பினர் ஒருவர் விலகினால், அதே பட்டியலில் அடுத்தபடி கூடிய விருப்பு வாக்குப் பெற்றவர் அவ்விடத்துக்கு வருவார். கட்சி நீக்கினால், அந்நீக்கம் செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்த்தாலன்றி, ஆசனமும் போய்விடும்.

இம்முறையால் நன்மையில்லை என்பதன்று. சிறு கட்சிகளும் சிறுபான்மைச் சமூகங்களும் தத்தம் வலிமைக்கேற்ற இடம் பெறுகின்றன. ஒருவரையே நம்பியிருந்த வன்னி மக்களுக்குப் பலர் பேசுகின்றனர். ஆயினும் பதவி துறந்த ஒருவர், "நான் செய்தது சரிதானா?" என்று தம் மக்களைக் கேட்கவும், மக்கள் உடனே விடை கூறவும் அன்று வாய்ப்பிருந்தது. இன்று அவ்விடைக்கு அடுத்த பொதுத் தேர்தல்வரை காத்திருத்தல் வேண்டும். தேர்தல் முறையைத் திருத்துவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், எத்தனை ஆசனம் யாருக்கு என்பதோடு, இவ்வாய்ப்பை மீட்பது எவ்வாறு என்பதையும் வாக்காளர் கேட்டல் வேண்டும்.