லேவியராகமம் 16-ஐ வாசிப்பது எப்படி?

சைவ அறிஞர் ஆறுமுக நாவலர், கிறிஸ்தவ மிஷனரிகளின் கண்டனங்களுக்குப் பதிலாக 1854-ல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர் என்பதால், வசனம் தெரியாமல் வாதிட்டவர் அல்ல. சைவக் கோயிலின் விளக்கையும் தூபத்தையும் படையலையும் பழிக்கிறீர்களே, இவற்றுக்கு நிகரானவை உங்கள் வேதத்திலும் இருக்கின்றனவே என்பது அவர் வாதத்தின் ஒரு முக்கிய இழை. முருகன் கோயிலும் தமிழ்ச் சபைகளும் இருக்கிற மேற்கு சிட்னியில் இதைப் பக்கத்து வீட்டுக்காரரே கேட்கலாம்.

நம் சபைகளில் இதற்கு இரண்டு அவசரப் பதில்கள் உண்டு. ஒன்று, “கிறிஸ்து வந்துவிட்டார், அதெல்லாம் முடிந்தது.” மற்றொன்று, ஆசரிப்புக் கூடாரத்தின் ஒவ்வொரு முளைக்கும் நூலுக்கும் கிறிஸ்துவில் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பது. முதலாவது சடங்கைத் தூக்கி எறிகிறது. இரண்டாவது அதை விடுகதை ஆக்குகிறது.

சிட்னி மூர் இறையியல் கல்லூரியில் மூன்றாவது வழி ஒன்று உருவானது. பின்னாளில் சிட்னி பேராயரான டொனால்ட் ராபின்சன் அங்கே அதைக் கற்பித்தார். அவரிடம் கற்ற கிரேம் கோல்ட்ஸ்வர்த்தி, 1981-ல் ‘காஸ்பல் அண்ட் கிங்டம்’ என்ற நூலில் அதை எளிமையாக்கினார். இஸ்ரவேலின் வரலாறு, தீர்க்கதரிசிகளின் எதிர்பார்ப்பு, கிறிஸ்து என்ற மூன்று கட்டங்களையும் வரிசையாகக் கடக்க வேண்டும். நடுக்கட்டத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. பாவநிவர்த்தி நாளைச் சொல்லும் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தை எடுத்து, இந்த வழியில் நடந்து பார்ப்போம்.

படி 1: நடந்ததை வரிசையாக எழுதுங்கள்

இந்தப் படியில் கிறிஸ்துவின் பெயர் வேண்டாம். ஏழாம் மாதம் பத்தாம் தேதி. பிரதான ஆசாரியன் தன் அலங்கார உடையை விட்டு, குளித்து, எளிய சணல்நூல் உடை அணிகிறான். தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் ஒரு காளை. மக்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். கடாக்களுக்குச் சீட்டுப் போடுகிறான். திரைக்கு உள்ளே தூபப் புகை கிருபாசனத்தை மூடுகிறது. காளையின் இரத்தமும், பிறகு ஒரு கடாவின் இரத்தமும் அங்கே தெளிக்கப்படுகின்றன. மற்றக் கடாவின் தலையில் இரு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். அதுவே போக்காடு. பலியான மிருகங்களின் உடல்கள் பாளயத்துக்கு வெளியே எரிக்கப்படுகின்றன.

படி 2: கதையில் அதன் இடத்தைக் குறியுங்கள்

அதிகாரத்தின் முதல் வசனமே, பிரதான ஆசாரியனான ஆரோனின் இரண்டு மகன்கள் கடவுளின் சந்நிதியை நெருங்கி இறந்ததை நினைவூட்டுகிறது. நினைத்தபடி கடவுளை நெருங்க முடியாது என்பதே பின்னணி. ஆனால் இந்த மக்கள் எகிப்திலிருந்து ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள். ஆகவே பலி விடுதலைக்குக் கொடுத்த விலை அல்ல. பரிசுத்தமான கடவுள், பரிசுத்தமற்ற மக்களின் நடுவே தொடர்ந்து குடியிருக்க அவரே தந்த ஏற்பாடு அது. இரத்தம் எதைக் குறிக்கிறது என்பதையும் இங்கேயே கேளுங்கள். மெல்பர்ன் ரிட்லி கல்லூரியின் லியான் மோரிஸ் 1955-ல் வெளியிட்ட ஆய்வில், அது பலியாகக் கொடுக்கப்பட்ட உயிரை, அதாவது மரணத்தைக் குறிக்கிறது என்று வாதிட்டார்.

படி 3: தீர்க்கதரிசிகளிடம் நில்லுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. கூடாரம் சாலொமோனின் ஆலயமாகிறது, கி.மு. 586-ல் பாபிலோன் அதை எரிக்கிறது. அதற்கு முன்பே ஆமோசும் ஏசாயாவும், நீதி இல்லாத பலியைக் கடவுள் வெறுக்கிறார் என்று முழங்கிவிட்டார்கள். எரேமியா புதிய உடன்படிக்கையையும் எசேக்கியேல் புதிய ஆலயத்தையும் எதிர்பார்க்கிறார்கள். ஏசாயா 53-ல், பிறருடைய அக்கிரமத்தைச் சுமப்பது மிருகமல்ல, ஒரு மனிதர். பழைய முறை போதவில்லை என்பதை முதலில் சொன்னவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர், இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளே.

படி 4: கிறிஸ்துவிடம் வந்து, வேறுபாட்டையும் எழுதுங்கள்

எபிரெயர் நிருபத்தின் 9, 10, 13-ஆம் அதிகாரங்களைத் திறந்து இரண்டு பத்தி போடுங்கள். ஒற்றுமைகள்: ஆசாரியன், இரத்தம், திரைக்குள் நுழைதல், பாளயத்துக்கு வெளியே பாடுபடுதல். வேறுபாடுகள் அதைவிட முக்கியம். ஆரோனுக்குத் தனக்கென்றே ஒரு காளை தேவைப்பட்டது. கிறிஸ்துவுக்கு அது தேவையில்லை. ஆரோன் ஆண்டுதோறும் நுழைந்தான். கிறிஸ்து ஒரே தரம். மற்ற ஆசாரியர்கள் நின்றபடி ஊழியம் செய்தார்கள். இவர் வேலை முடிந்து உட்கார்ந்தார். நாவலருக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த வேறுபாட்டுப் பத்தியில்தான் இருக்கிறது. இஸ்ரவேலின் ஆலய வழிபாடு இழிவானது என்பதால் கிறிஸ்தவர்கள் அதை விடவில்லை. அது காத்திருந்தது நிறைவேறியது என்று நம்புவதால் விட்டார்கள். அடுத்தவர் வழிபாட்டைப் பழிக்க இதில் இடமில்லை.

போக்காட்டைப் பற்றி எபிரெயர் நிருபம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பத்தியில் அதற்கான இடத்தை நீங்களாக நிரப்ப வேண்டாம். பாவம் சுமத்தல் லேவியராகமத்திலிருந்து ஏசாயா 53-க்கும், அங்கிருந்து 1 பேதுரு 2:24-க்கும் போகிறது. மூன்றாம் படியைத் தாண்டிக் குதித்தவருக்கு இந்தப் பாதை தெரியாது.

படி 5: யூதரின் வாசிப்பைக் கேளுங்கள்

கி.பி. 70-ல் ஆலயம் அழிந்தும் இந்த நாள் அழியவில்லை. செப்டம்பரிலோ அக்டோபரிலோ, ஆஸ்திரேலிய வசந்தத்தில், யூதர்கள் உபவாசத்தோடு யோம் கிப்பூரை அனுசரிக்கிறார்கள். பிரதான ஆசாரியனின் அன்றைய ஊழியத்தை ஜெபத்தில் விவரித்து நினைவுகூரும் மரபும் உண்டு. சிட்னி எலிசபெத் தெருவில் 1878 முதல் நிற்கும் பெரிய ஜெப ஆலயம் அந்தத் தொடர்ச்சிக்குச் சாட்சி. பலி நின்ற பிறகு மனந்திரும்புதல், ஜெபம், தர்மம் என்பது அவர்களின் பாதை. நீங்கள் எழுதியதை ஒரு யூதரின் முன் மரியாதையோடு வாசிக்க முடியாவிட்டால், முதல் படிக்குத் திரும்புங்கள்.

படி 6: நம் ஆராதனைக்கு வாருங்கள்

இது கடைசியில்தான் வர வேண்டும். எபிரெயர் 13:15, 16 கிறிஸ்தவருக்கு மீதியிருக்கும் பலிகளைச் சொல்கிறது: துதி, நன்மை செய்தல், உள்ளதைப் பகிர்தல். மூர் கல்லூரியின் டேவிட் பீட்டர்சன் 1992-ல் எழுதிய ‘எங்கேஜிங் வித் காட்’, ஆராதனை என்பது வாழ்க்கை முழுவதையும் தழுவுவது என்று வாதிட்டது. சிட்னியின் ஆங்கிலிக்கன் ஆலயங்கள் பலவற்றில் பலிபீடம் என்ற பேச்சில்லை, மேசைதான். பீடமும் அங்கியும் பழகிய தமிழ் சி.எஸ்.ஐ. குடும்பங்களுக்கு அது வெறுமையாகத் தோன்றலாம். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு, வாக்குவாதமும் தொடரட்டும். ஆனால் எபிரெயர் 13:16 கேட்கும் பகிர்வை மேசையும் தானாகச் செய்யாது, பீடமும் செய்யாது.